கிளாஸ் 3 வரலன்னா மழையும் வராதா? மொரீஷியஸ்ல வானிலை ஃபோர்காஸ்ட்டை எவ்வளவு தூரம் நம்பலாம்

2024 ஜனவரி 15, திங்கக்கிழமை, பொங்கல் நாள். பெலால் புயல் அன்னைக்குக் காலைல பக்கத்துத் தீவு ரீயூனியன் மேல ஏறிக்கிட்டு இருக்கு, அங்க ஊதா எச்சரிக்கை போட்டாச்சு, யாரும் வீட்ட விட்டு வெளிய வரக்கூடாது. இங்க மொரீஷியஸ்ல அந்த நேரம் கிளாஸ் 3, அதாவது வேலை, பஸ், கடை எல்லாம் நிக்கற புயல் எச்சரிக்கை நிலை, இன்னும் வரல, அதனால ஜனங்க எப்பவும் போல வேலைக்குக் கிளம்பிப் போயிட்டாங்க. மழை கொட்டுச்சு பாருங்க, தலைநகர் போர்ட் லூயிஸ் தெருவுல கார் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மிதந்து போன வீடியோ உலகம் பூரா சுத்துச்சு. எச்சரிக்கை அதுக்கப்புறம்தான் ஏறுச்சு, ஊரடங்கு வந்துச்சு, அந்த வாரமே வானிலைத் துறை இயக்குநர் பதவி விலகினார்.

அதுலருந்து கடல்ல எங்க ஒரு சுழி உருவானாலும் ரெண்டு விதமான பேச்சு காதுல விழுது. ஒண்ணு, "இவங்க சொல்றது எதுவும் நடக்காது." இன்னொண்ணு, "கிளாஸ் 3 வரலல்ல, ஒண்ணும் ஆகாது, போலாம்." ரெண்டுமே ஆபத்தான பேச்சு. ரெண்டாவது இன்னும் ஆபத்து, ஏன்னா அது கேக்க நியாயமா இருக்கு.

ஃபோர்காஸ்ட்ட நம்பலாமா வேணாமாங்கறதுக்கு ஒத்தை வரில பதில் கிடையாது. எத்தன நாள் முன்னாடி சொல்றாங்க, எவ்வளவு சின்ன இடத்துக்குச் சொல்றாங்க, காத்தப் பத்தியா மழையப் பத்தியா, இந்த மூணையும் வச்சுத்தான் நம்பிக்கை கூடும் குறையும். அதுல நம்ம ஊர்ல பெரிய குழப்பம் மூணாவதுல இருக்கு. அத அடிப்படையிலருந்து பாத்துடலாம்.

## ஃபோர்காஸ்ட் எப்படித் தயாராகுது

1. மொதல்ல இப்ப வானம் எப்படி இருக்குன்னு தெரியணும். நம்ம வானிலைத் துறை ஆபீஸ் இருக்கற வாக்குவாலருந்து விடற பலூன், விமான நிலையத்துக் கருவிங்க, கப்பல், விமானம், மிதவை, எல்லாத்துக்கும் மேல சாட்டலைட். நம்ம பக்கத்து இந்தியப் பெருங்கடல ஐரோப்பாவோட மெட்டியோசாட் சாட்டலைட் ஒண்ணு ஆப்பிரிக்காவுக்குக் கெழக்கால நின்னு பாத்துக்கிட்டே இருக்கு.

2. இந்த அளவுகள எல்லாம் கலந்து "இந்த நிமிஷத்து வானம் இதுதான்"னு ஒரு ஆரம்ப நிலைய கம்ப்யூட்டர் கட்டுது. எங்க அளவே இல்லையோ அங்க பழைய கணக்க வச்சு நிரப்பும்.

3. காத்து, வெப்பம், ஈரம், அழுத்தம் எப்படி மாறும்னு சொல்ற இயற்பியல் சமன்பாடுகள அந்த ஆரம்ப நிலை மேல ஓட்டி அடுத்த சில நிமிஷம், அதுக்கடுத்த சில நிமிஷம்னு பத்து பதினஞ்சு நாள் வரைக்கும் தள்ளிக்கிட்டே போவாங்க. இந்தக் கணக்குக்குப் பேருதான் மாடல்.

4. கடைசியா மனுஷன். மாடல் சொன்னத எடுத்து, அது வழக்கமா எங்க சறுக்கும்னு தெரிஞ்ச ஆள் உக்காந்து, புல்லட்டின் எழுதறார்.

இதுல மாடலோட கட்டம்னு ஒரு விஷயம் இருக்கு. மாடல் பூமிய சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சுக்கும், ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு மழை அளவு, ஒரே ஒரு காத்து வேகம், ஒரே ஒரு நில உயரம். ஐரோப்பிய மாடல்ல ஒரு கட்டம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்க மாடல்ல சுமார் 13. உலகத்துக்கே கணக்குப் போடறதுக்கு இது ரொம்பப் பொடிக் கட்டம்தான். ஆனா மொரீஷியஸ் எவ்வளவு பெருசு? 1865 சதுர கிலோமீட்டர். ஒரு 9 கிலோமீட்டர் கட்டம் 81 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பாத்தா மொத்தத் தீவுக்கும் 23 கட்டம்தான் வருது, அதுலயும் பல கட்டம் பாதி கடல் பாதி தரை. போர்ட் லூயிஸ் ஊரு, பின்னாடி 812 மீட்டருக்கு நிக்கற பூஸ் மலை, முன்னாடி துறைமுகம், எல்லாம் ஒண்ணு ரெண்டு கட்டத்துக்குள்ள அடங்கிப் போகுது. மாடலுக்குத் தெரியற பூஸ் மலை கூர்மையான சிகரம் கெடையாது, வழுவழுன்னு சராசரி ஆக்கின ஒரு மேடு. நிஜத்துலயோ அந்த மலைதான் மழையோட தலையெழுத்த எழுதுது. மேற்குக் கரையில வருஷத்துக்கு 1000 மில்லிமீட்டர் கூடத் தொடாத இடம் இருக்கு, நடு மேட்டுல 4000 வரைக்கும் போற இடம் இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல பஸ்ல ஒரு மணி நேரம்கூட ஆகாது.

## ஆரம்பத்துல ஒரு பொடிப் பிசகு

1961ல எட்வர்ட் லாரன்ஸ்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி கம்ப்யூட்டர்ல ஒரு சின்ன வானிலை மாடல ஓட்டிக்கிட்டு இருந்தார். பழைய ஓட்டத்த நடுவுலருந்து மறுபடி ஓட்டிப் பாக்கலாம்னு காகிதத்துல அச்சாகி இருந்த எண்ண டைப் பண்ணினார். கம்ப்யூட்டர் உள்ள வச்சிருந்தது 0.506127, காகிதத்துல இருந்தது 0.506. அந்தத் துக்குணூண்டு வித்தியாசத்துல கொஞ்ச நேரம் ரெண்டு ஓட்டமும் ஒண்ணாவே போச்சு, அப்புறம் மெல்லப் பிரிஞ்சு, கடைசில சம்பந்தமே இல்லாத ரெண்டு வானிலையா ஆயிடுச்சு.

இதனாலதான் எந்த நாட்டு ஆபீஸா இருந்தாலும் பதினஞ்சாம் நாள் மழையத் தேதி போட்டுச் சொல்ல முடியாது. ஆரம்ப நிலைல பிசகு இல்லாம இருக்கவே முடியாது, நாள் ஆக ஆக அது வளரும். இதுக்கு விஞ்ஞானிங்க கண்டுபிடிச்ச வழி ரொம்ப நேர்மையானது: ஒரே தடவ ஓட்டாம, ஆரம்ப நிலையக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி மாத்திப் பல தடவ ஓட்டறாங்க. ஐரோப்பிய வானிலை மையம் இத 1992லருந்து பண்ணுது, இப்ப ஒரு வேளைக்கு 51 ஓட்டம். அம்பத்தொண்ணும் ஒரே பாதையக் காட்டுனா தைரியமா சொல்லலாம், ஒண்ணு மேற்கால மடகாஸ்கருக்கும் ஒண்ணு கிழக்கால ரோத்ரிக்ஸ் தீவுக்கும் போச்சுன்னா "இன்னும் தெரியல"ன்னு சொல்றதுதான் சரியான ஃபோர்காஸ்ட்.

முன்னேற்றம் இல்லாம இல்ல. நல்ல மாடல்கள்ல பத்து வருஷத்துக்கு ஒரு நாள்ங்கற கணக்குல திறமை கூடியிருக்கு, அதாவது இன்னைக்கு அஞ்சு நாள் முன்னாடி சொல்றது இருபது வருஷம் முன்னால மூணு நாள் முன்னாடி சொன்ன அளவுக்குச் சரியா இருக்கு. இப்ப செயற்கை நுண்ணறிவு மாடலும் வந்தாச்சு, 2023ல கூகுள் டீப்மைண்டோட கிராஃப்காஸ்ட், ஹுவாவேயோட பாங்கு, 2025 பிப்ரவரிலருந்து ஐரோப்பிய மையத்தோட சொந்த மாடல். புயல் எந்தப் பக்கம் போகும்ங்கறதுல இதுங்க கெட்டிக்கார மாடல்ங்க. எவ்வளவு பலமா இருக்கும்ங்கறதுல இன்னும் பின்தங்கிதான் இருக்கு, ஏன்னா இதுங்க படிச்சு வளந்த பழைய தரவே பெரிய கட்டத்துல போட்டது, புயலோட கண்ணச் சுத்தி இருக்கற சின்ன வளையம் அதுல மங்கிப் போயிடும்.

## சின்னத் தீவு, பெரிய கடல்

புயல் நாளைக்கு எங்க இருக்கும்னு 24 மணி நேரம் முன்னாடி சொல்றதுல இன்னைக்குச் சராசரிப் பிசகு 100 கிலோமீட்டருக்குள்ள. மூணு நாள் முன்னாடின்னா அது ரெண்டு மூணு மடங்கு ஆயிடும். இந்தியா மாதிரி நீளமான கரை உள்ள நாட்டுக்கு 100 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் புயல் எங்கயோ ஒரு ஊர்ல கரையேறத்தான் போகுது, அதனால "புயல் வந்துச்சு, ஃபோர்காஸ்ட் சரி"ன்னு ஆயிடும். நம்ம தீவோ நீளவாக்குல சுமார் 65 கிலோமீட்டர், அகலம் 45. அதே 100 கிலோமீட்டர் பிசகு இங்க வந்தா, கண்ணு தலைக்கு மேல போறதுக்கும், காத்து கொஞ்சம் பலமா அடிச்சுட்டுப் போறதுக்கும் உள்ள வித்தியாசம்.

2023 பிப்ரவரில ஃப்ரெடி புயல நினைச்சுப் பாருங்க. ஆஸ்திரேலியா பக்கத்துல பொறந்து மொத்த இந்தியப் பெருங்கடலையும் குறுக்கால நடந்து வந்த புயல், மேற்கால வரும்னு பல நாள் முன்னாடியே நல்லா சொல்லிட்டாங்க. பிப்ரவரி 20 அன்னைக்கு நம்ம வடக்குக் கரைலருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளிக் கடந்து போச்சு. மறுநாள் மடகாஸ்கர்ல ஏறுச்சு. இங்க நெறைய பேர் "கிளாஸ் 3 போட்டாங்க, ஒண்ணுமே ஆகல"ன்னு சொன்னாங்க. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடந்து வந்த ஒரு புயலுக்கு 120 கிலோமீட்டர்ங்கறது எவ்வளவு? ஒரு நாள் ஃபோர்காஸ்ட்டோட சாதாரணப் பிசகு அளவுதான். அது தெற்கால சாஞ்சிருந்தா நம்ம பேரப் பிள்ளைங்களுக்குச் சொல்ற கதை வேற.

இன்னொரு விஷயம் நம்ம கடலுக்கே உரியது. அட்லாண்டிக்ல புயலுக்குள்ள விமானம் ஓட்டிக்கிட்டுப் போய் கருவியப் போட்டு அளக்கறாங்க, நம்ம தென்மேற்கு இந்தியப் பெருங்கடல்ல வழக்கமா அந்த மாதிரி விமானம் கிடையாது. சாட்டலைட் படத்துல மேகம் எப்படிச் சுருண்டிருக்கு, கண்ணு எவ்வளவு தெளிவா இருக்குன்னு பாத்து பலத்த மதிப்பிடறாங்க, வெர்னான் டிவோராக்னு ஒருத்தர் 1970கள்ல உருவாக்கின முறை. அதாவது புயலோட இப்போதைய பலமே ஒரு மதிப்பீடுதான், அது மேலதான் நாளைய மதிப்பீடு நிக்குது. வடக்கால அகலேகா, வடகிழக்கால சென் பிராண்டன், கிழக்கால ரோத்ரிக்ஸ், இந்தப் பொட்டுத் தீவுகள்ல இருக்கற வானிலை நிலையங்க ஒவ்வொண்ணும் அதனாலதான் பொன்னு மாதிரி.

தமிழ்நாட்டுலருந்து வர்ற புயல் விளக்க வீடியோ பாத்துப் பழகினவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: அங்க புயல் கடிகாரத்துக்கு எதிரா சுத்தும், நம்ம தென் பாதில கடிகாரம் சுத்தற திசைல சுத்தும். இங்க காத்துக்கு முதுகு காட்டி நின்னா புயல் மையம் உங்க வலது கைப் பக்கம் இருக்கும். அங்க சொல்ற பக்கத்த இங்க அப்படியே பொருத்துனா தலைகீழாப் போயிடும்.

## கிளாஸ் எண் எந்தக் கேள்விக்குப் பதில்

விஷயத்தோட நடு இதுதான், கொஞ்சம் பொறுமையா படிங்க.

கிளாஸ் 1லருந்து 4 வரைக்கும் உள்ள எண்கள் எல்லாமே ஒரே ஒரு அளவ மையமா வச்சவை: மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்துல வீசற திடீர்க் காத்து.

1. கிளாஸ் 1: அந்த வேகக் காத்து வர வாய்ப்பு இருக்குன்னா, 36லருந்து 48 மணி நேரம் முன்னாடி.
2. கிளாஸ் 2: அந்தக் காத்து வர்றதுக்கு முன்னாடி, முடிஞ்ச வரைக்கும் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கற மாதிரி.
3. கிளாஸ் 3: அதே மாதிரி 6 மணி நேரப் பகல் வெளிச்சம்.
4. கிளாஸ் 4: எங்கயாவது 120 பதிவாயிடுச்சு, இன்னும் தொடரும்னு தெரியுது.

நாலையும் திரும்பப் படிச்சுப் பாருங்க, மழைங்கற வார்த்தையே கிடையாது. பெலால் அன்னைக்குக் காலைல நடந்த குழப்பத்துக்குப் பாதி விளக்கம் இதுலயே இருக்கு. "120 காத்து எப்ப வரும்"ங்கற கேள்விக்கு அந்த எண் பதில் சொல்லிக்கிட்டு இருந்துச்சு, ஜனங்க அதுகிட்ட கேட்டதோ "நான் போர்ட் லூயிஸுக்கு வேலைக்குப் போலாமா, ரோட்டுல தண்ணி நிக்குமா"ங்கற கேள்விய. கேக்காத கேள்விக்கு வந்த பதில எடுத்துக்கிட்டு வண்டிய எடுத்துட்டாங்க. இதுல ஜனங்க மேல தப்பு சொல்ல எனக்கு மனசு வரல, ஏன்னா வேலை, பஸ், கடை எல்லாத்தையும் அந்த எண்ணோட கட்டிப்போட்டு வச்சிருக்கற நாட்டுல, அந்த எண்ணப் பாத்துத்தான் ஒருத்தர் முடிவெடுப்பார்.

பகல் வெளிச்சக் கணக்கு இன்னொரு குழப்பம். உதாரணத்துக்கு, 120 காத்து வெள்ளிக்கிழமை விடியக்காலம் 3 மணிக்கு வரும்னு கணிச்சிருக்காங்கன்னு வச்சுக்குங்க. ஜனவரில இங்க சூரியன் சுமார் 7 மணிக்கு மறையும். ஆறு மணி நேரப் பகல் வேணும்னா வியாழக்கிழமை மத்தியானம் 1 மணிக்கே கிளாஸ் 3 போட்டாகணும், கிளாஸ் 2 காலைல 7 மணிக்கே. அந்த மத்தியானம் 1 மணிக்கு வானம் எப்படி இருக்கும்? பல தடவ வெயில் பளீர்னு அடிக்கும். "வெயில் காயுது, என்னய்யா கிளாஸ் த்ருவா (3)"ன்னு கடைவாசல்ல பேசுவாங்க. எச்சரிக்கை அங்க தப்பாப் போகல, சன்னல் பலகை அடிக்கவும், தண்ணி புடிச்சு வைக்கவும், வயசானவங்கள கான்கிரீட் கூரை போட்ட ஸ்லாப் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகவும் வெளிச்சத்துல ஆறு மணி நேரம் கொடுத்திருக்கு. வெயிலே அந்த எச்சரிக்கையோட நோக்கம்.

இந்த முறை ஏன் காத்த மட்டும் பாக்குதுன்னு கேட்டா, இந்தத் தீவோட வரலாறு அப்படி. 1892 ஏப்ரல் 29ல வந்த புயல்ல ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க. 1960ல கரோல் புயல் ஓலைக் கூரையும் தகரக் கூரையும் பிச்சு எறிஞ்சு, குடும்பம் குடும்பமா நடுத்தெருவுல நிக்க வச்சுது. 1975ல ஜெர்வேஸ் புயல்ல 280 கிலோமீட்டர் வேகக் காத்து பதிவாச்சு. காத்து வேகம் ரெண்டு மடங்கானா அது சுவத்து மேல தள்ற தள்ளு நாலு மடங்கு ஆகும், 120க்கும் 240க்கும் உள்ள வித்தியாசம் அது. கரோலுக்கு அப்புறம்தான் கான்கிரீட் வீடு பரவுச்சு, நம்ம தாத்தா பாட்டி ஓலைக் கூரைக்கு அடில கேட்ட சத்தத்த நாம கேக்காம வளந்தோம். காத்துக்கு எதிரா நாடு தன்னக் கட்டிக்கிச்சு. அதே கான்கிரீட்டும் தாரும் மண்ண மூடி, ஓடைய ஒடுக்கி, இப்ப தண்ணிக்கு வழி இல்லாம பண்ணிடுச்சு. ஆபத்து காத்துலருந்து தண்ணிக்கு இடம் மாறிப் போச்சு, ஜனங்க மனசுல எண்ணு மட்டும் பழைய இடத்துலயே நிக்குது.

மழைக்குன்னு தனி எச்சரிக்கை இருக்கு, அது கிளாஸ் எண்ணுக்கு வெளிய தனியா வரும். 12 மணி நேரத்துக்குள்ள 100 மில்லிமீட்டர் பெஞ்சு, இன்னும் பல மணி நேரம் தொடரும்னா அது இங்க பெருமழை நிலை. இந்த அறிவிப்பக் கிளாஸ் எண்ணுக்குச் சமமாப் பாக்கப் பழகணும்.

## மழைய ஏன் அவ்வளவு சரியா சொல்ல முடியல

2013 மார்ச் 30. புயலே கிடையாது, எந்தக் கிளாஸும் கிடையாது. போர்ட் லூயிஸ்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள சுமார் 150 மில்லிமீட்டர் மழை. 11 பேர் செத்தாங்க, துறைமுகத்தோரம் இருக்கற கோடான் பக்கத்துச் சுரங்கப் பாதைலயும் அடித்தளக் கார் பார்க்கிங்லயும் தண்ணி புகுந்து மாட்டிக்கிட்டவங்களும் அதுல இருந்தாங்க. பட்டப்பகல்ல, தலைநகரத்து நடுவுல.

150 மில்லிமீட்டர்னா என்னன்னு கையில புடிச்சுப் பாக்கலாம். ஒரு சதுர மீட்டர் மேல ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு லிட்டர். ஒரு சதுர கிலோமீட்டர் மேல 150 மில்லிமீட்டர்னா 15 கோடி லிட்டர், பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரி 15 ஆயிரம். அத்தனையும் பூஸ் மலை, பீட்டர் போத், சிக்னல் மலைன்னு அரைவட்டமா நிக்கற மலைங்க சரிவுல உருண்டு, பூஸ் ஓடை வழியாவும் தெரு வழியாவும் ஒரே பக்கம், துறைமுகப் பக்கம், ஓடி வருது.

இத ஏன் முந்தின நாள் சொல்ல முடியல? இந்த மாதிரி மழையக் கொட்டற மேகக் கூட்டம் ஒவ்வொண்ணும் சில கிலோமீட்டர் அகலம்தான், ஒரு மேகத்தோட ஆயுசு அரை மணியோ ஒரு மணியோ. 9 கிலோமீட்டர் கட்டம் வச்ச மாடல் அத நேராப் பாக்கவே முடியாது, "இந்தக் கட்டத்துக்குள்ள எங்கயோ பலமா பெய்யலாம்"னு சராசரி ஆக்கித்தான் சொல்லும். அந்த மேகம் நகராம மலைல மோதி அதே இடத்துல திரும்பத் திரும்பப் பொறக்குதா, இல்ல கடல் பக்கம் நகந்து போயிடுதாங்கறது கடைசி ஒண்ணு ரெண்டு மணி நேரத்துலதான் தெரியும். அதத் தெரிஞ்சுக்க ரேடார் வேணும். நடு மேட்டுல இருக்கற கியூர்பிப் ஊர்ல த்ரூ ஓ செர் எரிமலை வாய் பக்கத்துல ஜப்பான் உதவியோட கட்டின ரேடார் நிக்குது, அதுக்கு மேகத்துக்குள்ள எவ்வளவு தண்ணி இருக்கு, எந்தப் பக்கம் போகுதுன்னு நிமிஷக் கணக்குல தெரியும். ஆனா அது கொடுக்கற அவகாசம் ஒரு மணி ரெண்டு மணி, புயலுக்குக் கிடைக்கற மாதிரி ரெண்டு நாள் கிடையாது. இந்த அவகாசத்துக்குள்ள ஃபோன்ல செய்தி வந்து, சுரங்கப் பாதைய மூடி, ஆளத் திருப்பி அனுப்பற ஏற்பாடு இருந்தாத்தான் ரேடாருக்கு அர்த்தம்.

நம்ம சொந்தக்காரங்க நெறைய பேர் இருக்கற தென்னாப்பிரிக்கா டர்பன்லயும் இதே கதை. 2022 ஏப்ரல் 11, 12ல சில இடத்துல ஒரே நாள்ல 300 மில்லிமீட்டருக்கு மேல பெஞ்சு 400 பேருக்கு மேல செத்தாங்க. எச்சரிக்கை இருந்துச்சு, ஆனா மழை ஏற ஏறத்தான் எச்சரிக்கையும் ஏறிக்கிட்டே போச்சு.

பர்மாவுல 2008 மே மாசம் நர்கிஸ் புயல் வந்தப்ப நடந்தது இதுக்கு நேர் எதிர். ரெண்டு நாள் முன்னாடியே இந்திய வானிலைத் துறை அந்த நாட்டு அரசுக்குச் சொல்லியாச்சு, ஃபோர்காஸ்ட்ல குறை இல்ல. ஐராவதி டெல்டாவுல படகுல இருந்தவனுக்கும் வயல்ல இருந்தவனுக்கும் அது போய்ச் சேரல, ஒரு லட்சத்து முப்பதாயிரம் பேருக்கு மேல போயிட்டாங்க. முன்னறிவிப்பு சரியா இருக்கறது ஒரு பாதி. கேக்கற ஆள் காதுல, அவருக்குப் புரியற மொழில விழறது மறுபாதி.

## 40 சதவீதம் மழைன்னா

ஃபோன் ஆப்ல "மழை 40 சதவீதம்"னு பாத்துட்டு மழை வந்தா "பாத்தியா, தப்பு"ன்னு சொல்றோம். 40ன்னு சொன்ன நாள் நூறு எடுத்தா, அதுல நாப்பது நாள் கிட்ட மழை பெஞ்சிருந்தா அந்த ஆப் சரியாத்தான் சொல்லியிருக்கு. ஒரு நாள வச்சு அதத் தப்புன்னும் சொல்ல முடியாது, சரின்னும் சொல்ல முடியாது. மழை நாப்பது சதவீத நேரம் பெய்யும்னோ, ஊர்ல நாப்பது சதவீத இடத்துல பெய்யும்னோ எடுத்துக்கக் கூடாது, நீங்க பாக்கற அந்த இடத்துல மழை விழ உள்ள வாய்ப்பு அது.

ஆப்ல இன்னொரு சிக்கல், மொரீஷியஸ்னு போட்டா பல ஆப் தெற்குப் பக்கத்து ப்ளெசான்ஸ் விமான நிலையத்து அளவக் காட்டும், இல்லன்னா ஏதோ ஒரு கட்டத்தோட கணக்கக் காட்டும். வாக்குவாவுல குடை புடிக்கற நேரம் மேற்குக் கரையில துணி காயும், ரெண்டுக்கும் ஒரே மேகப் படம் போட்டா யாருக்கு உதவும்? மனுஷன் கை படாத கணக்கு அது. புயல் நேரத்துல ஆப்ப ஓரமா வச்சிட்டு வாக்குவா புல்லட்டினையும், ரீயூனியன்ல இருக்கற வட்டாரப் புயல் மையத்தோட புயல் பாதைப் படத்தையும் பாக்கறதுதான் நல்லது. அந்தப் படத்துல கூம்பு மாதிரி விரியற பகுதி புயலோட அகலம்னு நெனச்சுக்கறாங்க, அது மையம் எங்கெங்க போகலாம்ங்கற சந்தேகத்தோட அகலம். கூம்புக்கு வெளிய இருந்தாலும் மழை வெளுக்கும்.

## வீண் எச்சரிக்கையா, விட்டுப்போன எச்சரிக்கையா

முடிவெடுக்கற நேரத்துல 120 காத்து வர 30 சதவீத வாய்ப்புதான் இருக்குன்னு வைங்க. எச்சரிக்கை போடலாமா? போட்டா பத்துல ஏழு தடவ ஒண்ணும் நடக்காது. போடலன்னா பத்துல மூணு தடவ ஜனங்க ரோட்டுல இருக்கறப்ப புயல் அடிக்கும். நாட்ட ஒரு நாள் மூடறதும் சின்ன விஷயம் கிடையாது, அன்னாடம் சம்பாதிச்சுச் சாப்பிடற தள்ளுவண்டிக்காரருக்கு அந்த ஒரு நாள் அடுப்பு எரியறதும் எரியாததும். ஆனா போன வருமானத்த அடுத்த வாரம் தேடிக்கலாம், சுரங்கப் பாதைல போன உயிரத் தேட முடியாது. அதனால ஒழுங்கா நடக்கற எச்சரிக்கை முறைல வீண் எச்சரிக்கைங்க இருந்தே தீரும். வீண் எச்சரிக்கை ஒண்ணுகூட இல்லாத முறைன்னா அது நெறைய ஆபத்தத் தவறவிடற முறை.

துறையும் இதுல ஒரு கடமை செய்யணும். எச்சரிக்கைய இறக்கினப்புறம் "மையம் இத்தன கிலோமீட்டர் தள்ளிப் போச்சு, இதுக்காகத்தான் போட்டோம்"னு ஜனங்களுக்கு விளக்கணும், கிரியோல்லயும் சொல்லணும், வாய்ப்ப எண்ணாவும் சொல்லணும். சொல்லாம விட்டா ஜனங்க தாங்களா கணக்குப் போட்டு அடுத்த தடவ கதவத் திறந்துக்கிட்டுப் போயிடுவாங்க.

## காவடி அன்னைக்கு மழை வருமா

தைப்பூசம் வர்றது புயல் காலத்து உச்சத்துல. 2024ல ஜனவரி 25, பெலாலுக்குச் சரியா பத்து நாள் கழிச்சு. ஒவ்வொரு வருஷமும் கோயில் ஆளுங்க ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே இதே கேள்வியக் கேக்கறாங்க, அதனால எப்ப எதக் கேட்டா உருப்படியான பதில் கிடைக்கும்னு சொல்லிடறேன்.

1. பத்து நாள் முன்னாடி: "இந்த மாசத்துல மழைக்கு வாய்ப்பு உண்டு" அவ்வளவுதான். ஆப்ல அன்னைய தேதிக்குச் சூரியன் படம் இருந்தாலும் மேகப் படம் இருந்தாலும் அத வச்சுப் பந்தல் முடிவு எடுக்காதீங்க.

2. அஞ்சு நாள் முன்னாடி: கடல்ல சுழி இருக்கா, எந்தப் பக்கம் நகருதுன்னு தெரியும். இருந்தா தினம் ரெண்டு வேளை புல்லட்டின் பாக்க ஆரம்பிங்க, கூம்பு சுருங்குதா விரியுதான்னு கவனிங்க.

3. ரெண்டு நாள் முன்னாடி: தீவோட எந்தப் பக்கம் அதிகம் நனையும், லேசாவா பலமாவான்னு ஓரளவு நம்பலாம். அன்னதானம் திறந்த வெளிலயா கூடத்துலயாங்கறத இப்ப முடிவு பண்ணலாம்.

4. அன்னைக்குக் காலைல: புல்லட்டின்ல கிளாஸ் என்னன்னு பாத்ததோட நிறுத்தாதீங்க, மழை எச்சரிக்கை தனியா இருக்கான்னு தேடுங்க.

அப்புறம் ஆத்தங்கரை. நம்ம ஊர்ல காவடி பல இடத்துல ஆத்தோரம்தான் கெளம்புது, அங்கதான் அலகு குத்தி, பால் செம்பு கட்டி, கொழந்தைங்க மொதக்கொண்டு கூட்டமா நிப்பாங்க. நம்ம ஆறுங்க நீளம் கம்மி, சரிவு ஜாஸ்தி, நடு மேட்டுல பெஞ்ச மழை கொஞ்ச நேரத்துல கீழ வந்துடும். கரையில சுள்ளுன்னு வெயில் அடிக்கறப்பவே மேல கியூர்பிப் பக்கம் கொட்டிக்கிட்டு இருக்கலாம். அதனால கூட்டத்துல ஒருத்தருக்கு வேற வேலை கொடுக்காம மேட்டுப் பக்கத்து வானத்தயும் தண்ணியோட நெறத்தயும் பாக்கற வேலைய மட்டும் கொடுங்க, மேல இருக்கற சொந்தக்காரங்ககிட்ட "அங்க மழையா"ன்னு ஃபோன் போட்டுக் கேக்கச் சொல்லுங்க. தண்ணி கலங்கிச் செம்மண் நெறத்துல வர ஆரம்பிச்சாலோ, குச்சி இலையெல்லாம் அடிச்சுக்கிட்டு வந்தாலோ, யாரும் சொல்ற வரைக்கும் காத்திருக்காம காவடியத் தூக்கிக்கிட்டு மொதல்ல ரோட்டுக்கு ஏறிடணும். அலகு குத்தற வேலைய ரோட்டோர மரத்தடில வச்சுக்கலாம்.